இன்னொண்ணு எங்க?

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே என் மிளகாய்ச் செடிகளில் ஒன்றைப் பட்டினி போட ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

பாயா ரும்புட்டில் எங்களுடையது மூலை வீடு. கேட்டுக்குப் பக்கத்தில் காலிப் பெயிண்ட் வாளிகளில் மிளகாய் வளர்க்கிறேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றுவதால்தான் இந்தக் காய்ப்பு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வது என் வழக்கம். அவரிடமும் அடித்தேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“எல்லாத்துக்குமே ஊத்துறீங்களாண்ணே?”

“எல்லாத்துக்கும்தான்.”

“அப்ப எப்படித் தெரியும்?”

“என்ன எப்படித் தெரியும்?”

“மீன் தண்ணியாலதான் காய்க்குதுன்னு. ஊத்தாத செடி இன்னொண்ணு எங்க?”

நான் சிரித்தேன். என் மனைவி கோமதி சிரிக்கவில்லை. மறுநாள் காலை கடைசி வாளியில் சிவப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. “இதுக்கு வெறும் தண்ணிதான் ஊத்தணும், மறந்துடாதீங்க” என்றாள். சிவப்புக் கயிறு கட்டிய செடி மற்றவை காய்த்த மாதிரியே காய்த்தது. ஏன், ஒரு பிடி கூடவே காய்த்தது. அதோடு என் மீன் தண்ணீர் மகிமை போயிற்று. தினமும் என்னைத் தேடி வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பூனையும் வருவதை நிறுத்திக்கொண்டது. பூனை விஷயத்தில் அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. எல்லாருக்கும் ‘டாக்டர்’தான். கோமதி அவருடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக வேலை பார்த்தாள். எப்போதாவது அவளைக் கொண்டுவந்து விட வருவார். அவர் வந்தாரென்று தெரிந்தால் போதும், பின்வரிசை வீட்டு அக்காக்கள் முழங்காலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர் கூச்சத்தோடு, “நான் செல்லுக்குத்தாங்க டாக்டர், ஆளுக்கு இல்ல” என்பார். உடம்புக்குள் இருக்கும் செல். அக்காக்களுக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை. “பரவால்லலா, பாருங்க” என்று மற்ற முழங்காலையும் காட்டுவார்கள். அதில் மட்டும் அவருக்குத் திருப்தி. இரண்டையும் காட்டுகிறார்களே.

என்னைவிட நாலு வயது சின்னவர், கல்யாணம் ஆகாதவர். தலைமுடி முழுசாக இருந்தது. இந்த மூன்றையும் நான் வேண்டுமென்றே சேர்த்துச் சொல்கிறேன். நிறைந்த டம்ளரைக் கையில் வைத்திருப்பவர் மாதிரி எப்போதும் அலுங்காமல் நடப்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் கை துடைக்கும் ஸ்பிரிட் வாசம் வரும். கொஞ்ச நாளில் கோமதியிடமும் அதே வாசம் வர ஆரம்பித்தது. வீடு வீடாக ஏசி மெஷின், எங்கள் பேச்சில் ஏர்கோன், கழுவிவிட்டு வருகிற என்மேல் என்ன வாசம் வரும் என்பதை இங்கே விவரிக்க வேண்டாம்.

அவர் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கோமதியும் அதே தோட்டம், அதே தமிழ்ப் பள்ளி. இது எனக்கு அவள் வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் பேன் கதை மூலமாக.

மூன்றாம் வகுப்பில் பேன் பரவியதாம். டீச்சர் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் வேப்பெண்ணெய் தேய்க்கப் போனார். அப்போது இவர் எழுந்து, “டீச்சர், ஒருத்திக்கு மட்டும் தேய்க்காம விடுங்க, அப்பத்தான் தெரியும்” என்றாராம். டீச்சர் பிரம்பால் ரெண்டு போட்டார். ஆனாலும் ஒருத்தி தப்பிவிட்டாள்.

“யாரு?” என்று கேட்டேன்.

“நான்தான். பேசாம கடைசியில உக்காந்திருந்தேனா, டீச்சர் மறந்துட்டாங்க. அவரு பாத்தாரு, ஆனா சொல்லல.”

“ஏன் சொல்லலையாம்?”

“இன்னொண்ணு வேணும்ல அவருக்கு?”

பேன் போனதா இல்லையா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் வகுப்பிலேயே என் மனைவியின் தலையை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது மட்டும் மனசில் நின்றது. எனக்கு அப்போது இவள் யாரென்றே தெரியாது. நான் பாட்டுக்கு எங்கேயோ கோலி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் கோமதிதான், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே ஒரு மூலை இருக்கிறதாம். அங்கே ஒரு புற்றுநோய் வரும், நம் நாட்டில் அது கொஞ்சம் அதிகம். அதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது. அந்த வைரஸ் கிட்டத்தட்ட எல்லோருக்குள்ளும் உண்டு. சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்து, செல்லுக்குள் புகுந்து, படுத்துத் தூங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் தொந்தரவு கிடையாது. சிலருக்கு மட்டும் அந்த மூலையில் காரியம் கெட்டுப்போகிறது. ‘போதும், இனிமேல் பெருகாதே’ என்று செல்லுக்குள் ஒரு உத்தரவு உண்டாம். வைரஸ் அந்த உத்தரவைக் கலைத்துவிடும். அப்புறம் அந்தச் செல்லுக்கு நிறுத்தத் தெரியாது. எந்தச் சுவிட்சைத் தட்டி அந்த உத்தரவைக் கலைக்கிறது என்பதைத்தான் இவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப எனக்குள்ளயும் இருக்கா?”

“இருக்கும்.”

“உனக்கு?”

“இருக்கும்.”

“அவருக்கு?”

கத்தி நின்றது. “அவருக்கு மட்டும் ஏன் இல்லாமப் போகும்?”

எச்சில் வழியாக வரும் என்று அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெண்டைக்காய்ப் பொரியல் அன்று இறங்கவே இல்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் இருக்கும் இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சம் வராது. கல்யாண வீடோ கருமாதி வீடோ, என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். ஒரு பிறந்தநாள் விருந்தில், ஏர்கோன் குளிரவில்லை என்று கூப்பிட்டவர் வீட்டில் போய்ப் பார்த்தால் ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லாத கதையைச் சொன்னேன். மேசையே குலுங்கியது. டாக்டர் மட்டும் யோசனையாக இருந்தார். பிறகு என்னோடு வேலை பார்க்கும் முத்துவைக் கூப்பிட்டு, அதே கதையை அடுத்த மேசையில் போய்ச் சொல்லச் சொன்னார். முத்துவின் முகம் விளக்குக் கம்பம் மாதிரி இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் மாதிரி சொன்னான். அந்த மேசை இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

அவர் என்னிடம் வந்து உண்மையான சந்தோஷத்தோடு சொன்னார். “ஜோக் நல்ல ஜோக்குதாண்ணே. யாரு சொன்னாலும் சிரிக்கிறாங்க.”

பாராட்டத்தான் சொன்னார் என்று கோமதி இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

அந்த வருடத் தீபாவளி காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் புடவை கட்டி, பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, “அதுங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன்” என்று கிளம்பினாள். அதுங்கள் என்பது செல்கள். தட்டுகளில் அவற்றை வளர்க்கிறார்கள். பழைய சாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குறித்த நாளில் புதுச் சாறு ஊற்றாவிட்டால் செத்துப்போகுமாம். தீபாவளி, தைப்பூசம் எதுவும் அவற்றுக்குத் தெரியாது. நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஆய்வுக்கூட வாசலில் அவர் புதுச் சட்டையோடு நின்றார். எனக்கு எடுத்த சட்டையைவிட நன்றாக இருந்தது.

ஆனால் என் வயிறு நிஜமாக எரிந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஓர் ஏணியின் உச்சியில்.

ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தின் ஏர்கோன் கழுவும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. நடைவழியில் ஏணி போட்டு ஏறினால் மேல் கண்ணாடி வழியாக உள்ளே தெரியும். கோமதி ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கைகளை மட்டும் உள்ளே விட்டிருந்தாள். தட்டுகளில் சீராப் தண்ணீர் மாதிரி ரோஜா நிறத்தில் சாறு. அவர் பக்கத்து நாற்காலியில். அவள் கையை லேசாக நீட்டுவாள், வேண்டியது அந்தக் கையில் இருக்கும். தட்டு திறந்திருக்கும்போது பேசக் கூடாது, மூச்சில் இருக்கும் கிருமி விழுந்துவிடும் என்பது அவருடைய சட்டம். அதனால் இரண்டு பேரும் பேசவில்லை. நான் ஒரு மெஷினைக் கழுவி முடித்து அடுத்ததைத் திறந்தேன். அப்போதும் பேசவில்லை. அதையும் மூடினேன். ம்ஹூம்.

பேசிச் சிரித்துக்கொண்டிருந்தால் நான் நிம்மதியாக இறங்கியிருப்பேன். அதில் என்னை யாரும் அடிக்க முடியாது. இது வேறு. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து கோமதியை நான் அவ்வளவு நேரம் சும்மா இருக்க விட்டதே இல்லை. அவள் முகம் அப்படித் தெளிந்து கிடந்து நான் பார்த்ததும் இல்லை. கையிலிருந்த பிரஷ் நழுவி முத்துவின் தலையில் விழுந்தது.

இந்த நிலைமையில்தான் அவருடைய ஆராய்ச்சிக்கு நோய் இல்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். நோயாளி எப்படியோ, அந்த ஆளும் அப்படியே இருக்க வேண்டும். அதே வயது, அதே ஊர், அதே சாப்பாடு, நோய் மட்டும் கூடாது. கோமதி சொன்னாளாம், “எங்க வீட்டுக்காரரு இருக்காரு. அவருக்கு ஒண்ணும் கிடையாது.”

ஒன்றும் கிடையாது என்ற ஒரே தகுதியில் நான் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தேன். ஒரு நர்ஸ், சின்ன வயதில் கருவாடு நிறையச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், அதுவும் இந்த நோய்க்கு ஒரு காரணமாம். “இப்ப இருந்தாலும் சாப்பிடுவேன்” என்றேன். அவள் சிரிக்காமல், கோவிட் காலத்துக் குச்சிக்கு அண்ணன் மாதிரி ஒன்றை என் மூக்குக்குள் விட்டு, அந்த மூலையைத் தேடித் துடைத்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர். கோமதிக்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான், அதுவும் மூக்கு வழியாக.

அப்புறம் ஒரு காலை சவரம் செய்யும்போது, வலது தாடைக்குக் கீழே விரலில் ஏதோ பட்டது. கோலிக்குண்டு மாதிரி, மெத்தென்று. அழுத்தினால் நழுவியது. பாதி நுரையோடு முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இந்த நோய் பல பேருக்கு முதலில் கழுத்தில் கட்டியாகத்தான் தெரியும் என்று கோமதி சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் பார்த்துக் கோமதி பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் ‘ம்’. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கேயோ பார்ப்பாள். என் முகத்தைப் பார்த்தால் சட்டென்று திரும்பிக்கொள்வாள். குளியலறையிலிருந்து கண் சிவந்து வருவாள். வெங்காயமா என்றால் அன்று சமையலே கிடையாது, கடையில் வாங்கிய மீ ஹூன் நூடுல்ஸ்தான்.

நான் இரண்டு முடிவுக்கு வந்தேன். ஒன்று, என் மூக்குச் சாம்பிளில் நோய் வந்துவிட்டது, இரண்டு பேரும் மறைக்கிறார்கள். அல்லது, அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது, இரண்டு பேரும் மறைக்கிறார்கள். இதில் எது தேவலை என்று மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் யோசித்தேன். இரண்டாவது என்றால் அவள் போய்விடுவாள். முதலாவது என்றால் நான் போய்விடுவேன், கொஞ்ச நாள் கழித்து அவளும் போய்விடுவாள். எந்த வழியில் போனாலும் கடைசியில் அவர்தான் மிச்சம் இருந்தார், அதுவும் முழுத் தலைமுடியோடு. ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். பின்னால் லாரிக்காரன் என் அம்மாவை விசாரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சோங் கிளிங்குக்குப் போனேன். கடற்கரை ரோட்டை ஒட்டி அவர் வாடகைக்கு இருந்த வீடு. ஏர்கோன் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏணியையும் மோட்டாரில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் வாசலில், கடலைப் பார்த்தபடி, சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னையும் ஏணியையும் பார்த்தார்.

“வீட்ல ஏர்கோன் கிடையாதேண்ணே.”

என் திட்டம் அதோடு முடிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“டாக்டர், மறைக்காமச் சொல்லுங்க. எனக்கு எவ்வளவு நாளு?”

“எதுக்கு?”

“என் சாம்பிள்ல வந்துடுச்சுல்ல?”

“உங்களது எதுன்னே எனக்குத் தெரியாதுண்ணே. டியூப்ல நம்பர்தான் இருக்கும். தெரிஞ்சுக்கவும் கூடாது.”

“அப்பக் கோமதி ஏன் ஒரு வாரமா பேச மாட்டேங்கிறா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “வீட்ல சொல்லலையா?”

என் கல்யாணம் அந்தப் படியிலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவர் சொன்னார். ஒவ்வொரு சோதனையிலும் ஒரு டியூபில் யாருடைய சாம்பிளும் போட மாட்டார்கள். மருந்தெல்லாம் போட்டு, சாம்பிளுக்குப் பதில் வெறும் தண்ணீர். அதில் எதுவும் தெரியக் கூடாது. போன வாரம் தண்ணீர் டியூபில் வைரஸின் அடையாளம் வந்துவிட்டது. பழைய சோதனைகளைத் திருப்பிப் பார்த்தால் அவற்றின் தண்ணீர் டியூபிலும், சோதனை முடிகிற கட்டத்தில், மங்கலாக ஒரு கோடு. அப்படி மங்கலாக வருவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. அவரும் எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக எடுத்த மருந்துப் போத்தலில் எப்போதோ வைரஸ் ஒரு துளி கலந்திருக்கிறது. நோயாளியிடம் பார்த்தோம், மற்றவரிடம் பார்க்கவில்லை என்று அவர்கள் எழுதியதில் எது நிஜம், எது அந்தத் துளி என்று இனிமேல் பிரிக்க முடியாது. கட்டுரை அச்சுக்குப் போகிற நேரம். அவர் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டார்.

“நான் ஏர்கோன் கழுவினதாலயா?” என்றேன். பயம் ஒன்று போனால் எனக்கு அடுத்தது தயாராக இருக்கும்.

அவர் நிஜமாகவே யோசித்தார். “இருக்கலாம். நீங்க கழுவாத ரூம் இன்னொண்ணு இருந்தாத்தாண்ணே தெரியும்.”

“வேற யாருக்காவது இது தெரியுமா?”

“கோமதிக்கும் எனக்கும்தான். அவங்க, சோதனையை இன்னொரு தடவை ஓட்டிப் பாப்போம்னாங்க. அடுத்த தடவை வராமப் போகலாம்.”

“வராமப் போனா நல்லதுதானே?”

“வந்தது வந்ததுதானேண்ணே.”

கட்டுரை இல்லாவிட்டால் ஆராய்ச்சி நீளாது. ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள். கோமதிக்கும் வேலை இல்லை. “அவங்ககிட்ட அதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் அழுதாங்க” என்றார்.

கழுத்தில் இருந்த கோலிக்குண்டு ஒரு நிமிஷம் மறந்துபோனது. என் மனைவி இவர் முன்னால் அழுதிருக்கிறாள். என் முன்னால் அழுததில்லை. அவள் கண் கலங்குவதற்குள் நான் ஒரு ஜோக்கை எடுத்துவிடுவேன். அவளும் சிரித்துவிடுவாள். அதை என் சாமர்த்தியம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போதுதான் கட்டி ஞாபகம் வந்தது. இதையாவது பாருங்கள் என்று தாடையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தொடவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் தொட்டுப் பாத்தீங்களா?”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்ணே. இன்னொண்ணு.”

தொட்டேன். அங்கேயும் ஒரு கோலிக்குண்டு. அதே அளவு, அதே மெத்து, அதே நழுவல். ஒரு வாரமாக வலது பக்கத்தைத் தடவித் தடவிச் செத்துக்கொண்டிருந்தவனுக்கு, கழுத்துக்கு இன்னொரு பக்கம் இருப்பதே தோன்றவில்லை. அவர் தன் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, “எனக்கும் இருக்கு. எச்சில் சுரப்பி” என்றார். சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு, “ஆனா நான் ஆளுக்கு டாக்டர் இல்ல. நாளைக்கே கிளினிக் போயிக் காட்டிடுங்க, என் பேச்சை நம்பி இருக்காதீங்க” என்றார்.

மறுநாள் கிளினிக்கிலும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் இவர் சொன்ன நேரத்தைப் பாருங்கள். இத்தனை வருஷத்து உழைப்பைத் தன் கையாலேயே குப்பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மனுஷன், என் இடது பக்கக் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒரு ஆளை நிம்மதியாக வெறுக்கக்கூட விடாதவரை என்ன செய்வது? ஏணியை மறுபடி மோட்டாரில் கட்ட அவரே கயிறு பிடித்தார்.

சில மாதங்களில் கூடத்தை மூடினார்கள். அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டுதான் போனார். போகும்போது சிவப்புக் கயிற்று வாளியைத் தொட்டுவிட்டுப் போனார். எங்கே இருக்கிறார் என்று கோமதிக்குத் தெரியும். நான் கேட்பதில்லை.

கடைசி நாள் செல்களை அப்படியே விட்டுவிட்டு வர முடியாதாம். தட்டுத் தட்டாகக் குளோராக்ஸ் ப்ளீச் ஊற்றிக் கொல்ல வேண்டும். ஊற்றினால் சீராப் நிறம் போய்த் தண்ணீராகிவிடும். அதைக் கோமதிதான் செய்துவிட்டு வந்தாள். சாயங்கால வெயில் இருந்தது. கைப்பையைக்கூட உள்ளே வைக்காமல், மிளகாய் வாளிகளுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வாய்க்கு ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன். இன்னொன்று வந்தது, அது முதலாவதைவிட நல்ல ஜோக். அதையும் விழுங்கினேன். அவள் கன்னத்தில் நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை சுவர்மேல் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது. சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. ஏணிமேல் நின்று பார்த்தபோது அவர் எவ்வளவு சுலபமாகச் செய்துகொண்டிருந்தார்!

கடைசியில் கோமதிதான் பேசினாள்.

“என்னங்க, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தானே இருக்கேன்.”

“பின்ன ஏன் பேசாம இருக்கீங்க?”

நாற்காலியை இழுத்துப் போட்டு என் நெற்றியில் கையை வைத்தாள். வைத்துக்கொண்டே மற்றக் கையைத் தன் நெற்றியில் வைத்தாள். கண்ணை மூடி, இரண்டு சூட்டையும் நிறுத்துப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் இருந்தாள்.

எல்லா வீட்டிலும் பெண்கள் இப்படித்தான் காய்ச்சல் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடம் வேலைக்குப் போவதற்கு முன்னால் இவள் இரண்டு கையும் வைத்துப் பார்ப்பாளா, ஒரு கைதானா? எனக்குக் காய்ச்சல் வந்த நாட்களையெல்லாம் இழுத்துப் போட்டு யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அந்த நாட்களிலும் நான்தான் பேசிக்கொண்டே இருந்திருப்பேன்.

“சூடு ஒண்ணும் இல்ல” என்று கையை எடுக்கப் போனாள்.

அந்தக் கையைப் பிடித்துத் திரும்ப நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

“ஒரு தடவை தொட்டா எப்படித் தெரியும்?” என்றேன். “இன்னொரு தடவை பாரு.”